பவர் மிஷின்ல தையல் தாண்டுது, நூல் அறுந்துபோகுது: மிஷின் கோளாறா, செட்டிங் கோளாறா?

ஓரம் அடிக்கும் அக்கா, கொருக்குப்பேட்டை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைங்களுக்கு நைட்டி, இன்ஸ்கர்ட் ஜாப் ஒர்க். கால் மிஷின்ல ஓடிக்கிட்டிருந்த வேலையை பவர் மிஷினுக்கு மாத்தணும். ஜூக்கி 8700 ஹெட், கிளட்ச் மோட்டார், டேபிள், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து பழசு ஒண்ணு ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்காங்க. ஒரு வாரத்துல வேணுமா வேணாமான்னு சொல்லணும்.

இப்ப இருக்கிற நிலை: ஊசி, மிஷினோட வந்த 16 நம்பர். நூல் 40/2 ஸ்பன் பாலியஸ்டர், மேலயும் கீழயும் அதேதான். தையல் நீளம் டயல்ல 2.5. மோட்டார் தகட்டுல 1/2 எச்.பி., 2880 ஆர்.பி.எம்.னு போட்டிருக்கு.

காட்டன் நைட்டியில நேர் தையல் சுத்தமா விழுது. யோக் ஜாயிண்ட்ல அஞ்சாறு மடிப்பு ஏறுற இடத்துல மட்டும் ரெண்டு மூணு தையல் தாண்டுது. கிரேப் துணியில எங்கன்னு இல்லாம தாண்டுது, சுருக்கமும் விழுது. பக்கத் தையலை ஒரே ஓட்டமா வேகமா விட்டா மேல் நூல் அறுந்துடுது. அறுந்த முனை பஞ்சு பிரிஞ்ச மாதிரி இருக்கு. தையல் ஆரம்பிக்கிற இடத்துல அடியில நூல் கொத்தா சிக்கிக்குது.

இதெல்லாம் சரி பண்ணக்கூடியதா? டைமிங் (ஊசியும் அடியில சுத்துற ஹூக்கும் சேர்ற நேரம்) போயிருக்குன்னு ஒருத்தர் சொல்றாங்க. கிளட்ச் மோட்டாரை எடுத்துட்டு சர்வோ மோட்டார் போடணுமா, எந்த ஆயில் ஊத்தணும்னும் சொல்லுங்க.

ஹூக்செட்

அக்கா, டைமிங்ல கை வைக்க விடாதீங்க. டைமிங் நல்லாவே போயிருந்தா காட்டன்ல நேர் தையல்கூட சுத்தமா விழாது. மடிப்புலயும் கிரேப்லயும் மட்டும் தாண்டுதுன்னா முதல் சந்தேகம் ஊசி மேலதான்.

ஊசி கீழ போய் அடி மட்டத்துல இருந்து சுமார் 2 மி.மீ. மேல ஏறும்போது, ஊசியோட குழிஞ்ச பக்கத்துல மேல் நூல் கொஞ்சம் உப்பி ஒரு வளையமா நிக்கும். ஹூக் முனை அந்த வளையத்துக்குள்ள நுழைஞ்சு நூலைப் பிடிச்சு பாபினைச் சுத்திக் கொண்டுபோகும். வளையம் சின்னதா இருந்தாலும், சாய்ஞ்சு இருந்தாலும், லேட்டா வந்தாலும் ஹூக் முனை அதை விட்டுட்டுப் போயிடும். தாண்டின தையல்னா இவ்வளவுதான். அதனால வளையத்தைக் கெடுக்கிறது எதுன்னு தேடணும், ஹூக்கைத் திருகக்கூடாது.

இந்த ஹெட்டுக்கு ஊசி டிபி (DB) x 1. தண்டு முழு உருளை, கால் மிஷின் ஊசி மாதிரி ஒரு பக்கம் தட்டை கிடையாது. அதனால எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பி உக்காந்துக்கும், இங்கதான் நிறைய பேருக்குத் தப்புது. நீளமா ஓடுற பள்ளம் இடது பக்கம் பார்க்கணும், குழிஞ்ச வெட்டு நேரா வலது பக்கம். நூலை இடமிருந்து வலமா கோக்கணும். கால் மிஷின் பலதுல வலமிருந்து இடமா கோத்துப் பழகின கை, இங்கயும் அப்படியே கோத்துடும். ஊசி கொஞ்சம் திரும்பியிருந்தாகூட காட்டன்ல தையல் விழும், மடிப்பு ஏறினதும் தாண்டும்.

இன்னொண்ணு, ஊசியை ஓட்டை முடியுற வரைக்கும் மேல தள்ளிட்டுத்தான் ஸ்க்ரூ முடுக்கணும். ஒரு மி.மீ. இறங்கியிருந்தா வளையம் உருவாகுற நேரமே மாறிடும்.

அப்புறம் தண்டு கனம். டிபி x 1 தண்டு 1.62 மி.மீ., காஜா மிஷினுக்கு வர்ற டிபி (DP) x 5 தண்டு 2 மி.மீ. பழைய மிஷின்ல யாராவது ஊசி மாட்டுற மிஷின் தண்டையே மாத்திப் பெரிய ஓட்டை உள்ளதைப் போட்டிருந்தா, உங்க ஊசி உள்ள லொடலொடன்னு நின்னு ஒரு பக்கமா சாயும். ஸ்க்ரூவைத் தளர்த்திட்டு ஊசியை விரல்ல ஆட்டிப் பாருங்க, தெரிஞ்சிடும்.

நம்பர்: 16னா ஊசி கனம் 1 மி.மீ. ஜீன்ஸ், கேன்வாஸ் பைக்கு அது சரி. உங்க காட்டனுக்கு 14, அதாவது 0.9 மி.மீ. கிரேப்புக்கு 11, அதாவது 0.75. 40/2 நூல் 11 ஊசியில ஓடும், ஆனா ஓரளவு இறுக்கமா இருக்கும். நூலை ஒரு முழம் வெட்டி ஊசியில கோத்து, நூலை நேரா நட்டு வெச்சுப் பிடிங்க. ஊசி தானா வழுக்கிக் கீழ இறங்கணும். நடுவுல நின்னா அந்த நூலுக்கு அந்த ஊசி சின்னது. அப்ப கிரேப்புக்கு நூலை மெலிசா எடுக்கணும், ஊசியைப் பெருசாக்கக்கூடாது.

மேல் நூல் அறுக்கிறதுக்கு, அறுந்த முனையைப் பார்த்து எழுதியிருக்கீங்க, அதுலயே பாதி விடை இருக்கு. சுத்தமா வெட்டின மாதிரி இருந்தா டென்ஷன் (நூல் இறுக்கம்) அதிகம், இல்லைன்னா நூல் எங்கயோ சுத்திக்கிட்டு நின்னிருக்கு. முனை உருகி உருண்டையா இருந்தா ஊசி சூடு. பஞ்சு மாதிரி பிரிஞ்சிருந்தா எங்கயோ உரசுது. உரசுற இடங்க ஊசித் துளை, ஊசி இறங்குற பிளேட் ஓட்டை, ஹூக் முனை, பாபின் கேஸோட விளிம்பு. முதல்ல புது ஊசி போடுங்க. அப்புறம் பிளேட்டைக் கழட்டி, ஓட்டை விளிம்புல நைலான் துணித் துண்டை இழுத்துப் பாருங்க. மாட்டினா அங்க பிசிர் இருக்கு. ஊசி ஒடைஞ்ச பழைய மிஷின்ல பிளேட்டுல கீறல் இல்லாம இருக்காது. மெல்லிய எமரி நூலை ஓட்டைக்குள்ள விட்டு இழுத்து வழுவழுப்பாக்கலாம். ஹூக் முனையில பிசிர் இருந்தா 1000 நம்பர் எமரி தாள்ல பக்கவாட்டை மட்டும் தேய்க்கலாம். முனையோட நீளத்தைக் குறைச்சிட்டா அந்த ஹூக் போச்சு.

ஆரம்பத்துல கொத்தா சிக்குறதுக்கு: துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கி வெச்சுட்டுத்தான் மேல் நூல் கோக்கணும். ஃபுட் இறங்கியிருந்தா டென்ஷன் தட்டு ரெண்டும் மூடியிருக்கும், நூல் உள்ள போகாம மேலயே நிக்கும். அப்ப அடியில வளையம் வளையமா தொங்கும். அடியில சிக்கினா குத்தம் மேல் நூல்லன்னு மனசுல வெச்சுக்கோங்க. பாபின் கேஸ் ஸ்க்ரூவைத் திருப்பி அதைச் சரி பண்ண முடியாது. தையல் தொடங்கும்போது ரெண்டு நூல் வாலையும் ஃபுட்டுக்குப் பின்னால இழுத்து முதல் ரெண்டு மூணு தையல் வரைக்கும் பிடிச்சுக்கோங்க.

இதெல்லாம் பண்ணிட்டு, 14 ஊசியில காட்டன் ஆறு மடிப்பு, 11 ஊசியில கிரேப் ரெண்டு மடிப்பு அடிச்சுட்டு வந்து சொல்லுங்க.

கட்டிங் டேபிள்

கிரேப் சுருக்கத்துக்கு மட்டும் எழுதுகிறேன். ஊசி, டென்ஷன் எல்லாம் ஹூக்செட் சொன்னபடி சரிசெய்த பிறகு படியுங்கள்.

டென்ஷனைக் கீழிருந்து தொடங்க வேண்டும். பாபின் கேஸிலிருந்து வரும் நூலைப் பிடித்து கேஸைத் தொங்கவிடுங்கள். தன் எடையிலேயே சரசரவென்று இறங்கினால் லூஸ். உதறினாலும் அசையாவிட்டால் டைட். லேசாக உதறும்போது ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கிரேப்புக்கு அதிலும் கொஞ்சம் தளர்வாக வைக்கலாம். அடி நூல் நிலைத்த பிறகுதான் மேல் டென்ஷன் நட்டைத் திருப்ப வேண்டும். தையலின் மேல் பக்கம் நூல் நேர்க்கோடாகக் கிடந்தால் மேல் டென்ஷன் அதிகம். அடிப்பக்கம் நேர்க்கோடாகக் கிடந்தால் மேல் டென்ஷன் குறைவு. முடிச்சு துணியின் நடுவில் புதைந்தால் சரி. மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு நிற நூலில் ஒரு சாண் அடித்துப் பார்த்தால் சந்தேகமே வராது.

அடுத்தது, துணியை நகர்த்தும் பல். பிளேட்டுக்கு மேல் பல் நீட்டிக்கொண்டிருக்கும் உயரம் இந்த மாடலில் 0.75 முதல் 0.85 மி.மீ. வரை. கனத் துணி தைத்த மிஷினில் 1.2 மி.மீ. அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த உயரத்தில் கிரேப்பைத் தைத்தால் பல் துணியைக் கடித்து இழுக்கும், சுருக்கம் விழாமல் இருக்காது. உங்கள் மிஷின் 16 ஊசியோடு வந்திருப்பதைப் பார்த்தால் பையோ ஜீன்ஸோ தைத்த இடத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பல் உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். பல்லின் வரிகளும் பெரிதாக, இடைவெளி அகலமாக இருந்தால் மெல்லிய துணிக்கு நுண்பல் செட் தனியாகக் கிடைக்கும். அதோடு சின்ன ஓட்டை பிளேட்டும் மாற்ற வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் ஊசி இறங்கும்போது துணியும் ஓட்டைக்குள் இறங்கும், ஏறும்போது துணியும் கூடவே ஏறும். வளையம் உருவாகவே இடமிருக்காது. கிரேப்பில் எங்கென்று இல்லாமல் தாண்டுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பல், பிளேட், ஊசி மூன்றும் ஒரு செட். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதி பலன்தான்.

ஃபுட் அழுத்தத்தை, துணி நழுவாமல் போகும் அளவுக்கு மட்டும் குறையுங்கள். வழுக்கும் துணிக்கு டெஃப்லான் ஃபுட் போடுவது நல்லது. தையல் நீளம் 2.5 என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 தையல். கிரேப்புக்கு அதுவே போதும். நெருக்கமாகப் போட்டால் நூல்தான் துணியைத் தள்ளிச் சுருக்கும்.

ஒன்று மிஷினில் சரிசெய்ய முடியாதது: பல் அடித் துணியைத்தான் நகர்த்துகிறது, மேல் துணி ஃபுட்டில் உரசிப் பின்தங்கும். பக்கத் தையல் முடியும்போது மேல் துணி அரை அங்குலம் மிஞ்சி நிற்பது இதனால்தான். இரண்டில் நீளம் கூடிய துண்டையோ நெளிவு அதிகமுள்ள துண்டையோ அடியில் வையுங்கள். கட்டிங்கின்போதே பக்கத் தையலின் நடுவில் ஒரு சின்ன நாட்ச் (அடையாள வெட்டு) போட்டுக்கொண்டால் அங்கே நிறுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். கோடவுன் தெருவில் எடுக்கிற கிரேப் ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் வழுக்கல் மாறும், அதனால் ஒவ்வொரு லாட்டிலும் ஒட்டுத் துணியில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டே பீஸில் கை வையுங்கள்.

ஓரம் அடிக்கும் அக்கா, கொருக்குப்பேட்டை

நன்றி அண்ணே, நன்றி சார். 14 ஊசி போட்டதும் காட்டன் யோக்ல தாண்டுறது நின்னுடுச்சு. பழைய ஊசியோட பள்ளம் கொஞ்சம் முன்பக்கம் திரும்பித்தான் இருந்தது. ஸ்க்ரூ தளர்த்தி ஆட்டிப் பார்த்தேன், ஊசி ஆடலை, தண்டு சரியான தண்டுதான். பல் உயரம் 1 மி.மீ.க்கு மேல இருக்கு. கிரேப்ல 11 போட்டும் ஒரு சாணுக்கு ஒண்ணு ரெண்டு தாண்டுது. பிளேட் ஓட்டையில நைலான் துணி மாட்டுது.

ஹெட் மேல இருக்கிற ஆயில் கண்ணாடியில எண்ணெய் தெறிக்கிறது தெரியவே இல்லை. ஓட்டும்போது இடது பக்கம் ஒரு கரகர சத்தம் வருது. இது பயப்படவேண்டியதா?

ஹூக்செட்

எண்ணெய் தெறிக்கலைன்னா உடனே ஓட்டுறதை நிறுத்துங்க அக்கா. இந்த மாடல்ல எண்ணெய் தானா பம்ப் ஆகி ஏறும். ஹெட்டைப் பின்பக்கம் சாய்ச்சு, எண்ணெய்த் தட்டைப் பாருங்க. அதுல மேல் கோடு, கீழ் கோடு ரெண்டு இருக்கும். எண்ணெய் மேல் கோடு வரைக்கும் இருக்கணும், கீழ் கோட்டுக்கு இறங்க விடக்கூடாது. எண்ணெய் கருத்துப்போய் அடியில பஞ்சுத் தூசி சேறா படிஞ்சிருந்தா மொத்தத்தையும் துடைச்சு எடுத்துட்டு, பம்ப் வாயில இருக்கிற வடிகட்டியைச் சுத்தம் பண்ணி, புது வெள்ளை மிஷின் ஆயில் ஊத்துங்க. தேங்காயெண்ணெய் ஊத்தவே கூடாது. குளிர்ல உறையும், நாள்பட பிசினா ஒட்டும், மெல்லிய எண்ணெய்க் குழாய் அடைஞ்சு போகும். வண்டி இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அது கனம், துணியில கறையும் போகாது.

எண்ணெய் ஊத்திட்டு நூல் இல்லாம, ஃபுட்டைத் தூக்கி வெச்சு மெதுவா ஓட்டுங்க. கண்ணாடியில தெறிக்க ஆரம்பிக்கணும். தெறிக்கலைன்னா கைச்சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. சக்கரத்தோட மேல் பகுதி உங்களைப் பார்த்து வரணும். மோட்டார் திசை மாறிச் சுத்தினா பம்ப் எண்ணெய் எடுக்காது, ஹூக்ல நூலும் சிக்கும்.

ஹூக்குக்கு எண்ணெய் போதுமான்னு பார்க்க: தையல் போடாம, ஹூக்குக்குக் கீழ கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடிச்சு அஞ்சு செகண்ட் ஓட்டுங்க. தாள்ல மெல்லிசா ஒரு எண்ணெய்க் கோடு விழணும். ஒண்ணுமே விழலைன்னா ஹூக் வறண்டு ஓடுது. கரகர சத்தத்துக்கு அதுவே காரணமா இருக்கலாம். சொட்டு சொட்டா விழுந்தா துணி நாசம். ஹூக் தண்டு முன்பக்கம் இருக்கிற திருகை ஏத்தி இறக்கி இதைச் சரி பண்ணலாம். விரல் ஹூக் கிட்ட போகாம பார்த்துக்கோங்க.

இப்ப வாங்கலாமா வேண்டாமாங்கிறதுக்கு வர்றேன். தாள்ல ஓட்டுறதைத் தவிர மத்த சோதனை எல்லாம் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் செய்யணும்.

ஊசித் தண்டைக் கையால பிடிச்சு முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டுங்க. கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு ஆடினா தண்டைத் தாங்குற புஷ் தேய்ஞ்சிருக்கு. அது பெரிய வேலை, அந்த ஹெட் வேண்டாம்.

கைச்சக்கரத்தை மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரே இடத்துல மட்டும் பிடிச்சு விட்டா நூல் சிக்கியிருக்கலாம். முதல்ல ஹூக்கைச் சுத்தம் பண்ணிட்டு மறுபடி பாருங்க. அப்பவும் பிடிச்சா உள்ள ஏதோ வளைஞ்சிருக்கு.

நூல் இல்லாம ஒரு மெல்லிய தாள்ல முப்பது தையல் ஓட்டுங்க. அப்புறம் ரிவர்ஸ் லீவரை அமுக்கி அதே ஓட்டை மேலயே திரும்ப வாங்க. முன்னால போன ஓட்டையிலயே பின்னால வர்ற ஊசியும் விழணும். தையலுக்குத் தையல் தள்ளித் தள்ளி விழுந்தா ஃபீட் செட்டிங் மாறியிருக்கு. இதைச் சரி பண்ணலாம். ஓட்டைங்க ஒரே நேர்க்கோட்டுல இல்லாம இடமும் வலமுமா சிதறினா தண்டோ பல்லோ ஆடுது, அதுதான் ஆபத்து.

கடைசியா ஹூக். ஊசித் தண்டு அடி மட்டத்துல இருக்கும்போது டிபி ஊசிக்கான மேல் கோடு புஷ்ஷோட அடி விளிம்புல நிக்கணும். சக்கரத்தைக் கொஞ்சம் சுத்தி, ஏறுற வழியில அடுத்த கோடு அதே விளிம்புக்கு வரும்போது ஹூக் முனை ஊசியோட நடுவுக்கு நேரா இருக்கணும். ஊசிக்கும் ஹூக்குக்கும் இடைவெளி 0.04 முதல் 0.1 மி.மீ. கண்ணால பார்த்தா தொடுற மாதிரியே இருக்கும், ஆனா தொடக்கூடாது. கனமான 16 ஊசிக்கு வெச்ச இடைவெளி, 11 போட்டதும் கொஞ்சம் அதிகமாயிடும், ஊசி மெலியுது இல்லையா. உங்க கிரேப்ல மிச்சமிருக்கிற தாண்டுதலுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். ஆனா முதல்ல சின்ன ஓட்டை பிளேட் போட்டு, பல்லை 0.8க்கு இறக்குங்க. அதுக்கப்புறமும் தாண்டினா மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஹூக்கை நெருக்கச் சொல்லுங்க. சொல்லும்போது 11 ஊசியை மாட்டி வெச்சு நெருக்கச் சொல்லணும்.

மூணு பின் பிளக்

மோட்டார் கேள்விக்கு. 2880 சுத்து மோட்டார் பவர் மிஷினுக்கு முதன்முதல்ல வர்ற கைக்கு அதிகம். கணக்கு இப்படி: மோட்டார் சுத்து பெருக்கல் மோட்டார் புல்லி விட்டம், வகுத்தல் கைச்சக்கரத்தில் பெல்ட் ஓடுற விட்டம். சக்கரத்துல 70 மி.மீ., மோட்டார்ல 90 மி.மீ. புல்லின்னா 2880 x 90 / 70, நிமிஷத்துக்கு சுமார் 3700 தையல். மோட்டார் புல்லியை மட்டும் 60க்கு மாத்தினா சுமார் 2470. மோட்டாரை மாத்தாம வேகத்தைக் குறைக்கிற மலிவான வழி இதுதான். புல்லி மாத்தினா பெல்ட் நீளமும் மாறும், எம் டைப் பெல்ட்டுன்னு கேட்டு வாங்கணும். பெல்ட் நடுவுல ஒரு கிலோ பாரத்துல அமுக்கினா 15 மி.மீ. உள்ள போகணும். அதைவிட இறுக்கினா பேரிங் சத்தம் போடும், தளர்த்தினா மடிப்பு ஏறும்போது சறுக்கும்.

கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதுல இருந்து சுத்திக்கிட்டே இருக்கும், பெடல் மிதிச்சாலும் மிதிக்காட்டியும். துணி மடிக்கிற நேரம், நூல் வெட்டுற நேரம் எல்லாம் மீட்டர் ஓடும், சத்தமும் இருக்கும். சர்வோ மிதிச்சா மட்டும்தான் சுத்தும், சும்மா நிக்கும்போது எடுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி, உச்ச வேகத்தைப் பெட்டியிலயே பூட்டி வைக்கலாம். வீட்டுக்குள்ள வெச்சுத் தைக்கிறவங்களுக்கு சர்வோதான் சரி.

சர்வோ 550 வாட்ஸ்னு போட்டிருந்தா முழு பாரத்துல 230 வோல்ட்டுல சுமார் 2.4 ஆம்பியர். இதுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், 6 ஆம்பியர் சாக்கெட் போதும். அயர்ன் பாக்ஸ் 1000 வாட்ஸ் தனியா 4.3 ஆம்பியர் எடுக்கும், அதை இதே எக்ஸ்டென்ஷன்ல சொருகாதீங்க. அதுக்கு 2.5 வயர்ல தனி பாயிண்ட் இழுக்கணும். கிளட்ச் மோட்டார் ஸ்டார்ட் ஆகிற நொடியில சாதாரண கரண்டைவிட அஞ்சாறு மடங்கு இழுக்கும், அந்த நேரத்துல லைட் மங்கினா வயர் மெலிசுன்னு அர்த்தம்.

எர்த் இல்லாத ரெண்டு பின் பிளக்ல பவர் மிஷின் ஓட்டாதீங்க. ஹெட் இரும்பு, டேபிள் ஸ்டாண்டு இரும்பு, உங்க கால் பெடல் மேல இருக்கும். எர்த் வயர் மோட்டார் பாடியிலயும் ஸ்டாண்டுலயும் இருக்கணும். போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற சுவிட்ச்) கட்டாயம்.

பீஸ் ரேட்டு

சர்வோ நல்லதுதான். ஆனா அக்கா, ஓட்டிப் பார்க்கக் கொடுத்த மிஷின்ல கிளட்ச் நல்லா இருந்தா அவசரப்பட்டு மாத்தாதீங்க. கிளட்ச் மோட்டார்ல ரிப்பேர்னு வந்தா கார்க் தேய்வது, பேரிங், கெப்பாசிட்டர். இந்த மூணையும் பக்கத்துத் தெருவுலயே மாத்திக்கலாம். சர்வோ போர்டு போனா அது வர்ற வரைக்கும் மிஷின் சும்மா நிக்கும், பீஸ் ரேட்டுல அந்த நாளுக்குக் காசு கிடையாது. கரண்ட் மிச்சத்தை அதோட சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

வேகத்தைப் பத்தி ஒண்ணு. நைட்டி பக்கத் தையல் 50 அங்குலம்னு வெச்சுக்கோங்க. அங்குலத்துக்கு 10 தையல்னா 500 தையல். நிமிஷத்துக்கு 2000 தையல்ல 15 செகண்ட், 4000ல ஏழரை செகண்ட். வித்தியாசம் ஏழரை செகண்ட்தான். துணியை எடுத்து, ஓரம் சேர்த்து, ஃபுட்டுக்குக் கீழ வெச்சு, முடிச்சதும் வெட்டி அடுக்குறதுக்கு அதைவிட அதிகம் ஆகும். இடது பக்கம் வெட்டின துண்டை ஒரே முகமா அடுக்கி வெச்சு, வலது பக்கம் முடிஞ்சது விழுற மாதிரி ஒரு பெஞ்சு போட்டாலே பீஸ் கூடும். எல்லா பீஸுக்கும் யோக் முதல்ல, அப்புறம் எல்லாத்துக்கும் பக்கத் தையல்னு பிரிச்சு ஓட்டுங்க. நூல் மாத்துறதும் ஊசி மாத்துறதும் அதுலயே குறையும்.

பாபின் கணக்கும் முக்கியம். ஒரு மீட்டர் தையலுக்கு மேலும் கீழும் சேர்த்து சுமார் 2.5 முதல் 3 மீட்டர் நூல் போகும், அதுல பாதி பாபின்ல இருந்து. பத்து பாபினாவது காலையிலயே சுத்தி வெச்சுடுங்க. விளிம்பு வரைக்கும் நிரப்பாம எண்பது சதவீதத்துல நிறுத்துங்க, விளிம்பைத் தாண்டினா கேஸுக்குள்ள உரசி அடி நூல் இழுக்கும். ஊசியை எட்டு மணி நேரம் ஓடினதும் மாத்துங்க, ஒடையிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்துச் சேர்த்துப் பாருங்க. ஒரு துண்டு குறைஞ்சாலும் அந்த பீஸை அனுப்பாதீங்க, அது யாரோ உடம்புல போட்டுக்கிற துணி.

உப்புக்காத்து

கடற்கரைப் பக்கம் மிஷின் வெச்சிருக்கிறவங்க ஆயில் விஷயத்துல ஒரு படி கூடுதலா பார்க்கணும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் காத்துல உப்பு இருக்கு. கொருக்குப்பேட்டை கொஞ்சம் உள்ள தள்ளி இருந்தாலும் மழைக்காலத்துல ஈரம் ஒட்டும். முதல்ல துரு பிடிக்கிறது பாபின் கேஸோட மெல்லிய ஸ்பிரிங்கும் பிளேட்டோட அடிப்பக்கமும். ஸ்பிரிங் அடியில துருவோ பஞ்சோ ஒரு துகள் இருந்தா அடி டென்ஷன் ஒரு அங்குலம் இறுகும், அடுத்த அங்குலம் தளரும். டென்ஷன் நட்டைத் திருப்பித் திருப்பிச் சலிச்சுப் போறதுக்கு இதுதான் காரணம். தினமும் வேலை முடிஞ்சதும் பிளேட்டைக் கழட்டி, பல் இடுக்குல இருக்கிற பஞ்சைத் தூரிகையால தள்ளி, பாபின் கேஸைத் துடைச்சு, ஹூக் ஓடுபாதையில ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஒரு ஒட்டுத் துணியை ஃபுட்டுக்குக் கீழ வெச்சு இறக்கிட்டு மூடுங்க. அந்தத் துணி ராத்திரி கசியிற எண்ணெயையும் இழுத்துக்கும்.

அடுத்தது வெள்ளம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தரைத்தளத்துல இருந்தா ஐப்பசி பிறக்குறதுக்கு முன்னாடியே ஸ்டாண்டு கால்ல செங்கல் கொடுத்து ஏத்திடுங்க. மோட்டாரும் சர்வோ பெட்டியும் டேபிளுக்கு அடியிலதான் தொங்கும், அதுல முதல்ல தண்ணி தொடுறது கால் பெடல் ராடும் மோட்டாரும். தண்ணி வர்ற மாதிரி தெரிஞ்சா பிளக்கை உருவிட்டு, கீல் ரெண்டுல இருந்து ஹெட்டைத் தூக்கி மேல வைங்க, சர்வோ பெட்டியையும் நாலு ஸ்க்ரூ கழட்டி எடுத்துடலாம். மோட்டார் நனைஞ்சிருச்சுன்னா, வெளியில காஞ்சு தெரியுதுன்னு சுவிட்ச் போட்டுப் பார்க்காதீங்க. உள்ள சுருள் ஈரமா இருக்கும். காய வெச்சு, எலக்ட்ரீசியன் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) வெச்சு காயிலுக்கும் பாடிக்கும் நடுவுல குறைஞ்சது 1 மெகா ஓம் காட்டினா மட்டும் ஓட்டணும்.

ஓரம் அடிக்கும் அக்கா, கொருக்குப்பேட்டை

எண்ணெய்த் தட்டுல கீழ் கோட்டுக்கும் கீழதான் இருந்தது, வடிகட்டி முழுக்கப் பஞ்சு. சுத்தம் பண்ணி ஊத்தினதும் கண்ணாடியில தெறிக்குது, கரகர சத்தமும் பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு. ஊசித் தண்டு ஆடலை. தாள் சோதனையில ஓட்டை நேர்க்கோடு, ரிவர்ஸ்ல மட்டும் அரை தையல் தள்ளி விழுது. சின்ன ஓட்டை பிளேட்டும் நுண்பல்லும் இனிமேதான் வாங்கணும். இதை வெச்சு முடிவு சொல்லலாமா அண்ணே?

ஹூக்செட்

தண்டு ஆடலை, ஓட்டை நேர்க்கோடு, எண்ணெய் ஏறுது. ஹெட் உயிரோட இருக்குக்கா, எடுத்துக்கலாம். ரிவர்ஸ் அரை தையல் வித்தியாசம் செட்டிங்தான், மெக்கானிக் வந்தா ஒரே உட்காரல்ல முடிச்சிடுவார். மிச்ச சத்தம் எங்க இருந்து வருதுன்னு மட்டும் பார்த்துடுங்க. பாபின் கேஸைக் கழட்டிட்டு, நூல் இல்லாம ஓட்டுங்க. சத்தம் நின்னா கேஸ் தேய்ஞ்சு ஹூக்குக்குள்ள ஆடுது, புது கேஸ் போட்டா போதும். நிக்கலைன்னா ஹூக் செட்டே தேய்ஞ்சிருக்கு. வறண்டு ஓடின ஹூக் அப்படித்தான் போகும். அப்ப புது ஹூக், பிளேட், பல் மூணோட விலையையும் கடையில கேட்டு எழுதிக்கிட்டு, அதை மிஷின் விலையில கழிக்கச் சொல்லுங்க. எண்ணெய் இல்லாமதான் கொடுத்தாங்கன்னு தட்டை போட்டோ எடுத்து வெச்சிருந்தா அதையும் காட்டுங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க எதிரிலேயே காட்டன் ஆறு மடிப்பு ஒண்ணு, கிரேப் ரெண்டு மடிப்பு ஒண்ணு, ரெண்டும் ஒரு மீட்டர் நீளத்துக்கு அடிச்சுக் காட்டி அந்தத் துண்டை பில்லோட பின் பண்ணி வெச்சுக்கோங்க.